வால்வு அண்ணனும் மூன்று செர்வோக்களும்

மலாயாவை விட்டுப் போவதா வேண்டாமா என்று வெள்ளைக்காரன் யோசித்த காலத்தைவிட, மூன்று சின்னப் பெட்டிகளில் எதை எடுப்பது என்று அதிக காலம் யோசித்த மனிதர் ஒருவர் உண்டு. மலாக்கா காஜா பெராங்கில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த வால்வு அண்ணன்தான் அவர். வெள்ளைக்காரனாவது சம்பந்தப்பட்டவர்களோடு மட்டும் பேசினான். வால்வு அண்ணன் முடிவெட்டிக்கொள்ளப் போன இடத்தில்கூட, கத்தியை நிறுத்தச் சொல்லிவிட்டு அபிப்பிராயம் கேட்பார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. எந்த ரேடியோவைக் கொண்டுபோனாலும் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "வால்வு போச்சு" என்பார். அப்படியே அது பெயராகிவிட்டது. நாங்கள் அக்கா என்று கூப்பிட்ட அவர் மனைவிகூட, யாராவது வந்து விசாரித்தால், "வால்வு குளிக்கிறாரு, உக்காருங்க" என்பார்.

உட்கார இடம் இருக்காது என்பது வேறு விஷயம். கூடத்தை ஒரு விமானம் அடைத்துக்கொண்டிருந்தது. தக்கை மாதிரி லேசான பல்சா கட்டையில் எலும்பு கட்டி, பட்டுத் துணி ஒட்டி, எட்டரை அடிக்கு இறக்கை வைத்த விமானம். ஆள் ஏற முடியாது. தரையில் நின்றுகொண்டே ரேடியோவால் ஓட்டுவது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த ஒரு பத்திரிகையைப் பார்த்துப் பார்த்துக் கட்டினார். வருகிறவர்கள் எல்லாரும் இறக்கைக்கு அடியில் குனிந்துதான் சமையலறைக்குப் போக வேண்டும். அந்த வீட்டில் எங்களுக்குக் கிடைத்த கோப்பியெல்லாம் கும்பிடு போட்டு வாங்கிய கோப்பிதான்.

ஒருநாள் அக்கா ஈரத் துண்டை இறக்கையில் காயப் போட்டுவிட்டார். மூன்று நாள் பேச்சு வார்த்தை இல்லை. நாலாம் நாள் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த நான்தான் சாட்சி. ரப்பர் வியாபாரி ஒருவரிடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்ததால், படித்தவன் என்று எனக்கு ஒரு மரியாதை.

"இத ஒரு தடவ பறக்க விடுங்க" என்றார் அக்கா. "பறந்து திரும்பி வந்துட்டா, வீடு பூரா ஏரோப்ளேனா கட்டிக்குங்க, நான் அடுப்படியில படுத்துக்கிறேன். திரும்பி வரலன்னா, இனி ஒரு குச்சி இந்த வாசப்படி ஏறக் கூடாது."

"சரி" என்றார் அண்ணன்.

"சாமி மேல சொல்லுங்க."

சொன்னார். அன்றைக்கு அவர் முகத்தில் பயத்தை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். ஏனென்றால் 'திரும்பி வருவது' என்பது முழுக்க முழுக்க செர்வோ கையில் இருந்தது.

செர்வோ என்பது விமானத்தின் வயிற்றுக்குள் இருக்கும் சின்ன மோட்டார்ப் பெட்டி. கீழே நிற்பவர் பொத்தானை அழுத்தினால், அது வாலைத் தள்ளித் திருப்பும். வால் திரும்பினால் விமானம் திரும்பும். அதற்குப் பலம் போதாவிட்டால் காற்று ஜெயித்துவிடும். பலம் அதிகமென்றால் எடையும் அதிகம், விமானம் எழும்பாது. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். செர்வோ வாங்கிப் பார் என்பதையும் சேர்த்திருக்க வேண்டும்.

மூன்று வாங்கியிருந்தார். இங்கிலீஷ் பெட்டி செங்கல் கனம். மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் பிடித்தால் பிடித்ததுதான். அதற்கு 'துரை' என்று பெயர். ஜெர்மன் பெட்டி கச்சிதம், ஆனால் பேட்டரியைக் குடித்தே தீர்க்கும். அது 'மாப்பிள்ளை'. ஜப்பான் பெட்டி தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, இறகு மாதிரி லேசு. அதற்குப் பெயர் வைக்கவில்லை. "ஜப்பான்காரன் இருந்த காலத்துல மரவள்ளிக்கிழங்கு தின்னது இன்னும் வயித்துல இருக்கு. பேர் வேற வைக்கணுமா" என்றார். ஆனால் கையில் எடுக்கும்போதெல்லாம் அதைத்தான் எடுத்தார்.

"துரையப் போடுங்கண்ணே. பிடிச்சா விடாது" என்றேன் ஒருநாள்.

"எங்க விடாது? மெர்டேக்கான்னு சுதந்திரத்தக் குடுத்துட்டுக் கெளம்பிட்டான்ல" என்றார்.

செர்வோவின் கையில் நூல் கட்டி ஒவ்வொரு சாமானாகத் தூக்கவைத்துப் பார்ப்பார். வெங்காயம், கருவாடு, பித்தளை டம்ளர். அக்கா குழம்புக்கு உரித்து வைத்த பூண்டு காணாமல் போனால் கடை மேசையில் தொங்கிக்கொண்டிருக்கும். "அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. இவருக்கு அவசரமும் இல்ல, புத்தியும் இல்ல. நடுவுல என் பூண்டுதான் இல்ல" என்பார் அக்கா.

இதற்கிடையே, ரேடியோவுக்காகக் கூரைமேல் கட்டிய கம்பியைப் பார்த்துவிட்டு ஒரு போலீஸ் சார்ஜனும் மாத்தா எனும் போலீஸ்காரர் இருவரும் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். அவசரகாலம் இன்னும் முடியாத நேரம். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளோடு யாரோ கம்பியில்லாமல் பேசுவதாகச் சேதி. யாரோடு பேசுகிறாய் என்று சார்ஜன் மலாய் மொழியில் கேட்க, வால்வு அண்ணன் விமானத்தின் வாலைக் காட்டி, "இதோட தான் துவான்" என்றார். பொத்தானை அழுத்தினார். வால் 'சர்' என்று திரும்பியது. சார்ஜன் தானும் அழுத்திப் பார்த்தார். அரைமணி நேரம் அழுத்தினார். போகும்போது, மூன்றில் எதை எடுப்பது என்று அவர் அபிப்பிராயத்தையும் கேட்டு எழுதிக்கொண்டார் அண்ணன். மறுவாரம் சார்ஜன் வீட்டு ரேடியோ ரிப்பேருக்கு வந்தது. வால்வு போயிருந்தது.

கடைசியில், மேசைச் சோதனை செல்லாது, காற்றில் சோதிக்க வேண்டும் என்று கண்டுபிடித்தார். தேங்காய் ஏற்றும் மணியத்தின் லோரி முதுகில் விமானத்தைக் கட்டினோம். கிளேபாங் கடற்கரை ரோட்டில் நாற்பது மைல் வேகத்தில் ஓட்ட வேண்டியது. முன்னால் மணியத்தின் பக்கத்தில் அண்ணன் பொத்தானோடு. பின்னால் தேங்காய் மட்டைமேல் நான். வால் ஓரத்தில் சாக்பீசால் ஒரு கோடு போட்டிருந்தார். வால் அந்தக் கோடுவரை திரும்பினால் நான் லோரிக் கூரையைத் தட்ட வேண்டும். பத்து ஓட்டம், பத்துத் தட்டு. ஒன்று குறைந்தாலும் அந்த செர்வோ தள்ளுபடி.

"எட்டு தட்டுனா போதாதா? பள்ளிக்கூடத்துலயே பாஸ் போட்டுருவாங்க" என்றார் மணியம்.

"பள்ளிக்கூடம் கடலுக்கு மேல பறக்காது. நீ ஓட்டு" என்றார் அண்ணன்.

துரைக்குப் பத்துத் தட்டு. ஆனால் அதன் கனத்தில் விமானம் எழும்பாது என்பது அண்ணனின் கணக்கு. மாப்பிள்ளை ஐந்தாவது ஓட்டத்திலேயே பேட்டரியைக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டது. மிச்சம் ஜப்பான் பெட்டி. அது ஒன்பது ஓட்டத்தில் ஒன்பது முறை கோட்டைத் தொட்டது.

பத்தாவது ஓட்டத்தில் ரோடு கொஞ்சம் இறங்கியது, லோரி வேகம் பிடித்தது. அண்ணன் அழுத்தினார். வால் பாதி தூரம் போய் நின்று நடுங்கியது. நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். அது பிற்பகல் இரண்டரை மணி. மூன்று மணிப் படக் காட்சிக்கு நண்பர்கள் எனக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கி வைத்திருந்தார்கள். இது தோற்றால் புதிதாக ஒரு பெட்டிக்கு எழுதுவார், கப்பல் வரும், மறுபடி பூண்டு, மறுபடி மட்டை. ஒன்பது சரியாக இருந்தது, பத்தாவதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

தட்டினேன்.

லோரி நின்றதும் ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். "பத்தும் தொட்டுச்சா?"

"தொட்டுச்சுண்ணே."

அந்தப் படத்தின் பெயர்கூட இன்று எனக்கு ஞாபகம் இல்லை.

அடுத்த ஞாயிறு காலை கிளேபாங் மணலில் பாதித் தெரு கூடியது. அக்கா புதுச் சேலை கட்டி வந்திருந்தார். அண்ணன் எஞ்சினை முடுக்கியதும், நான் விமானத்தைத் தலைக்குமேல் பிடித்து, காற்றுக்கு எதிராகக் கடலைப் பார்த்து ஓடி விட்டேன். அது எழும்பியது. பட்டுத் துணியில் வெயில் ஊடுருவி, உள்ளே இருக்கும் எலும்பெல்லாம் தெரிந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அதுவரை அதைத் துண்டு காயப்போடும் கம்பியாகத்தான் பார்த்திருந்தார்.

"திருப்புங்க" என்றார் அக்கா.

அண்ணன் அழுத்தினார். விமானம் லேசாக மூக்கை அசைத்துவிட்டு நேராகப் போனது. மறுபடி அழுத்தினார். நேராகவே போனது. அழுத்திக்கொண்டே தண்ணீருக்குள் இறங்கினார். இடுப்பளவுத் தண்ணீரில் பொத்தான் பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி அழுத்தினார். சத்தம் சின்னதாகி, கொசு அளவாகி, அப்புறம் இல்லை.

திரும்பி வந்து ஈர வேட்டியைப் பிழிந்தார். "சுமத்ரா பக்கம் போயிட்டான். பாஸ்போட் இல்லாம என்ன பண்ணுவானோ" என்றார். எல்லாரும் சிரித்தோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மிச்சக் கட்டைகளைத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். கூடம் விசாலமாகிவிட்டது. ஆனாலும் அவர் சமையலறைக்குப் போகும்போது, மேலே ஒன்றும் இல்லாத இடத்தில் குனிந்தே போவார்.

"எங்கயோ என் கணக்குல தப்பு" என்று கேட்டவரிடமெல்லாம் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாலைந்து மாதம் கழித்து ஒரு மாலை கடைக்குப் போய், பத்தாவது ஓட்டத்தைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னேன். சினிமா டிக்கெட் உட்பட.

ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"கிராணி, உனக்குப் பொய் சொல்ல வரல. மூஞ்சியே காட்டிக் குடுக்குது." உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "இங்க வந்து கேளு. எனக்கு மனசு ஆறட்டும்னு நம்ம கிராணி பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிறாரு. கூடப் பொறந்தவன் செய்வானா இத?"

"இல்லண்ணே, நெசமாவே..."

"போதும்யா. உக்காரு, கோப்பி குடி."

கோப்பியைக் கொண்டுவந்த அக்கா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் கிளம்பியபோது வாசல்வரை வந்து குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குத் தெரியுது தம்பி. ஆனா இனி சொல்லாதீங்க. ஏரோப்ளேன்தான் போச்சு. உங்களையும் அவருகிட்டேருந்து எடுத்துறாதீங்க."

அதற்குப் பிறகு நான் சொல்லவில்லை. அண்ணன் காலமாகும்வரை, தீபாவளிக்கு முதல் பலகாரத் தட்டு என் வீட்டுக்குத்தான் வந்தது. ஒரு வெங்காயத்தைக்கூடப் பத்து முறை தூக்கிப் பார்க்காமல் நம்பாத மனிதர், என்னை மட்டும் ஒருமுறைகூடச் சோதித்துப் பார்க்கவில்லை.