பாதி செல்போனில், பாதி நேரில்

அன்புள்ள தம்பிக்கு, அக்கா நலம் விசாரித்து எழுதுவது. நீயும் வீட்டில் எல்லோரும் சௌக்கியம்தானே? இங்கே நான் சௌக்கியம். உன் அத்தானுக்குத்தான் இடுப்பு பிடித்துக்கொண்டது. காரணம் எங்கள் அலுவலகம்.

படுக்கையில் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்க் கவனிக்கும் எங்கள் சேவை நிறுவனத்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன். இப்போது திடீரென்று எல்லோருக்கும் பயிற்சியாம். பாதி செல்போனில், பாதி நேரில். நாலு நாள் வீட்டில் வீடியோ பார்த்துத் தேர்வு எழுத வேண்டும், சனிக்கிழமை அலுவலகத்தில் செய்து காட்ட வேண்டும், இரண்டில் எதில் தேறாவிட்டாலும் வீடுகளுக்கு அனுப்ப மாட்டார்களாம். எனக்கு நான் கவனிக்கும் டீச்சரம்மாவை நினைத்துத்தான் கவலை. எண்பது வயது, என்னைத் தவிர வேறு யாரையும் உடம்பு துடைக்க விடமாட்டார்.

முதல் வீடியோ, நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைப்பது. அத்தானைக் கட்டிலில் கிடத்தினேன். மனிதர் அதில் சுகம் கண்டு, "இந்தப் பாடம் எத்தனை நாளைக்கு?" என்று ஆசையாகக் கேட்டார். நான் இடப்பக்கம் திருப்ப, அவர் ஒத்தாசை செய்வதாக வலப்பக்கம் புரள, இடுப்பில் 'கடக்' என்றது. "நோயாளின்னா நோயாளி மாதிரி கெடக்கணும், உங்கள யாரு உதவி பண்ணச் சொன்னா?" என்று நான் கத்தியபோது, வீடியோ முடிந்து செல்போனில் எல்லோருக்குமான நேரலை வகுப்பு தொடங்கிவிட்டிருக்கிறது. மைக்கை அணைக்க எனக்குத் தெரியாது. முப்பத்திரண்டு பேர் கேட்டார்கள். மேலாளர் மட்டும் மெதுவாக, "அக்கா, நோயாளிகிட்ட கொஞ்சம் பொறுமையாப் பேசுங்க" என்றார். தேர்வாவது ஒழுங்காக நடந்ததா என்றால் அதுவும் இல்லை. அறைக்குள் நுழைந்ததும் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேள்வி. கை கழுவுவது, குறிப்பேடு பார்ப்பது, ஜன்னல் திறப்பது என்று மூன்று பதில்கள். கையை நான் உள்ளே போகும் முன்பே கழுவிவிடுவேனே. 'ராத்திரி தூங்கினீங்களா' என்று கேட்பேன். அந்தப் பதில் அதில் இல்லை. எதையும் தொடாமல் விட்டேன். இப்படியே நேர்மையாக இருந்து மூன்று முறை தோற்றேன்.

சனிக்கிழமை, பயிற்சி தரும் பெண்ணே நோயாளியாகப் படுத்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். "என் தோளப் பிடிச்சுக்கோ கண்ணு, மெதுவாத் திருப்புறேன், கை மரத்துப் போச்சா?" என்று கேட்டபடியே திருப்பி, முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்ந்து பார்த்தால், தூங்கிவிட்டாள். இரண்டு மாதமாகக் கண் விழித்து அந்த வீடியோக்களை எல்லாம் செய்தவள் அவள்தானாம். யாரும் எழுப்பவில்லை, மேலாளரே மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தார். எழுந்தவள் வெட்கத்தோடு, "நான் பண்ணுன வீடியோல இது இல்லையேக்கா" என்றாள். செய்முறையே போதும், டீச்சரம்மா வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்தாள். ஆனால் மாதம் ஒரு செல்போன் பாடம் தொடருமாம். என்னால் ஆகாது தம்பி. உனக்குத்தான் நயமாக எழுத வரும். எனக்கு மட்டும் விலக்குக் கேட்டு ஒரு மனு எழுதி அனுப்பு.

குழந்தைகளுக்கு முத்தம், உன் மனைவிக்கு என் அன்பு. எல்லோரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

உன் அக்கா

பி.கு.: மனு எழுத வேண்டாம். பயிற்சி தரும் அந்தப் பெண் இப்போதுதான் வந்துவிட்டுப் போகிறாள். அடுத்த மாதப் பாடத்தில் பேசப்போவது நான். எல்லோரும் கட்டாயம் பார்க்க வேண்டும், ஒருத்தருக்கும் விலக்குக் கொடுக்கக் கூடாது என்று மேலாளரிடம் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.