கொசுவுக்கு ஒரு சமன்பாடு

மனித குலம் இதுவரை கொசுவைக் கையால் அடித்தது, பேட்டால் அடித்தது, புகையால் அடித்தது. கணக்கால் அடித்த பெருமை சேலையூர் கேம்ப் ரோட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் காலனிக்கே உரியது. இது என் தற்பெருமை இல்லை. சங்கத் தலைவர் ராஜாராமன் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறார், நான் திருப்பிச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஆரம்பித்து வைத்தவள் கடைசி வீட்டு மெஹர் பானு. மகள் நிகத் பிரசவத்துக்குத் தாய் வீடு வரப் போகிறாள். "சார், டெங்கு சீசன். புள்ளத்தாச்சிப் பொண்ணு. அவ வர்றதுக்குள்ள நம்ம தெருவுல ஒரு தடவை புகை அடிச்சிடுங்க" என்று சங்கக் கூட்டத்தில் கேட்டாள்.

"அடிச்சுடலாம்மா. ஆனா 'அறிவியல்பூர்வமா' அடிக்கணும்" என்றார் ராஜாராமன்.

எங்கள் காலனியில் அறிவியல் என்றால் ஸ்ரீவத்சன். பொத்தேரிப் பக்கம் கணித ஆராய்ச்சி செய்கிறான். கொசுவின் பிறப்புக்கு ஓர் எழுத்து, இறப்புக்கு ஓர் எழுத்து, மழைக்கு ஒன்று, பூந்தொட்டித் தண்ணீருக்கு ஒன்று. அத்தனையையும் கூட்டிப் பெருக்கினால் எந்த வீட்டில் எவ்வளவு கொசு பெருகும் என்று திரையில் கோடு வளைந்து வரும். கோடு ஏறும் வீட்டுக்குத்தான் புகை. எல்லாரும் கைதட்டினோம். பாதிப் பேர் தட்டியது கொசுவை என்றாலும் சத்தம் ஒன்றுதான்.

"மாடலுக்கு ஆரம்ப எண்ணிக்கை வேணும். சாயங்காலம் உங்க வீட்ல எத்தனை கொசு பாக்கறீங்கன்னு க்ரூப்ல போடுங்க" என்றான்.

அங்கேதான் காலனியின் 'பண்பாடு' ஒளிர்ந்தது. எதிர் வீட்டு அபிதகுஜாம்பாள் ஒரு கையால் கொசு பேட்டை வீசிக்கொண்டே மறு கையால் பூஜ்யம் என்று போட்டாள்.

"ஏண்டி, இப்பத்தானே பட்பட்டுன்னு பொரிஞ்சுது?" என்றேன்.

"மாடி போர்ஷனுக்கு ஆள் தேடறோம் மாமி. கொசுன்னு போட்டா எவன் வருவான்? தவிர, இதெல்லாம் எங்காத்துக் கொசு இல்ல. பக்கத்தாத்துலேர்ந்து வர்றது."

பக்கத்து வீட்டில் கேட்டால் அவர்களுக்கும் பக்கத்து வீடு இருந்தது. அவர்களும் பூஜ்யம். என் மருமகள் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு வந்து, சுத்தமான பூஜ்யமாகப் போட்டாள். மெஹர் பானு மட்டும், "நாப்பதுக்கு மேல. அப்புறம் எண்ண முடியல" என்று போட்டாள்.

அடுத்த கூட்டத்தில் திரையில் கோடு வந்தது. வளையவில்லை. தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

"பூஜ்யம் எவ்வளவு பெருகினாலும் பூஜ்யம்தான்" என்று விளக்கினான் ஸ்ரீவத்சன்.

"என் நாப்பது எங்க தம்பி?" என்றாள் மெஹர் பானு.

"அது அவுட்லையர் மேடம். எல்லாரும் ஒரே மாதிரி இருக்கறப்ப ஒருத்தர் மட்டும் தனியா நின்னா, அதை எடுத்துடறதுதான் முறை."

"கணக்குலேர்ந்து எடுத்துட்டீங்க. என் வீட்லேர்ந்து யாரு எடுப்பா?"

"அம்மா, சென்டிமென்ட் வேற, சயின்ஸ் வேற" என்ற ராஜாராமன், முழங்காலைச் சொறிந்தபடியே 'கொசுவற்ற காலனி' தீர்மானத்தை நிறைவேற்றினார். புகை ரத்து. நிகத் பொழிச்சலூரில் பெரியம்மா வீட்டுக்குப் போனாள். மெஹர் பானு தினமும் சாப்பாட்டுத் தூக்கோடு பஸ் மாறி மாறிப் போய் வந்தாள்.

மாதம் முடிவதற்குள் ராஜாராமனுக்கு டெங்கு. அன்று மதியமே புகை அடிக்கும் சிட்டிபாபு மெஷினோடு அவர் வாசலில் நின்றான். க்ரூப்பில் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. மெஹர் பானு ஓடி வந்தாள்.

"அப்படியே கடைசி வீடு வரைக்கும் அடிச்சிடுப்பா. பொண்ணைக் கூட்டிட்டு வந்துடறேன்."

"எனக்கு இன்னாக்கா, அடிச்சிகினே போவேன். ஆனா இந்த ஒரு வூட்டுக்குத்தான் சொல்லிகீறாங்க."

புகைக்கு நடுவே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற ஸ்ரீவத்சனிடம் திரும்பினாள்.

"தம்பி, இந்த வீட்லயும் பூஜ்யம்தானே போட்டிருந்தாங்க?"

"ஆமா மேடம்."

"மாடல் இன்னமும் கொசு இல்லன்னுதானே சொல்லுது?"

"அதுல மாத்தமே இல்ல."

"அப்ப காலனியே நல்லா இருக்கு, இவரு ஒருத்தருதான் காய்ச்சலோட தனியா நிக்கிறாரு. முறைப்படி இவரையும் எடுத்துட வேண்டியதுதானே?"

ஸ்ரீவத்சன் அதிர்ந்து போனான்.

"எப்படி மேடம் எடுக்கறது? இவர் தலைவராச்சே."