இரண்டு டன் பொறாமை

இந்த இலையுதிர் காலத்தில் தன் மனைவி தன் காரில்தான் ஏறுவாள் என்று குனிஹிகோ சபதம் செய்தபோது அவர் வாயில் பல் பிரஷ் இருந்தது. அதனால் சபதம் யார் காதிலும் சரியாக விழவில்லை.

ஜப்பானில் மட்சுமோட்டோ நகரசபையில் குடிநீர்ப் பிரிவு அதிகாரி அவர். ஆள் சாது. கார்தான் சாதுவல்ல. நாலு கதவு, இரண்டு டன் எடை, மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். வாரம் முழுக்க அதில்தான் ஆபீஸ் போவார். வருஷத்துக்கு ஒரு நாள், இலையுதிர் காலத்தில், மலைக்குப் பின்னால் இருக்கும் பந்தயப் பாதைக்குப் போய், பணம் கட்டிவிட்டு மனசு தீர ஓட்டுவார்.

போன வருஷம் மனசு தீருமுன் டயர் தீர்ந்துவிட்டது. மூன்றாவது சுற்றிலேயே ரப்பர் சூடேறி, வேகவைத்த மோச்சி அரிசிமாவு உருண்டையாகக் குழைந்தது. காரை ஓரங்கட்டிவிட்டுக் குனிஹிகோ உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்து, குடும்பத்தாரை ஏற்றிக்கொண்டு சுற்றும் கடைசி அரை மணி வந்தது. அவர் மனைவி யசுயோ பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் குரோய்வாவின் காரில் ஏறிக்கொண்டாள். இரண்டே சீட்டு உள்ள காய்ந்த கருவாடு மாதிரி ஒரு கார். இறங்கும்போது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தேனிலவில்கூடக் குனிஹிகோ அந்தச் சிரிப்பைப் பார்த்ததில்லை.

அன்றோடு குரோய்வாவிடம் பல் காட்டுவதை நிறுத்தினார். கடைவாய்ப் பல்லில் ஓட்டை விழுந்தது. விழட்டும். ஒரு வருஷமாக இடது பக்கமே மென்று கொண்டிருக்கிறார். வயிற்றெரிச்சலை மட்டும் இரண்டு பக்கமும் மென்றார்.

"என்னங்க, சூப்பு ஆறுது. டயர் படத்தைப் பார்த்தே வயிறு நிறைஞ்சிடுமா?" என்றாள் யசுயோ.

"குரோய்வா போடறானே, கையை வச்சா ஒட்டிக்கிற டயர், அதையே வாங்கப் போறேன். அவனுதைவிட அகலமா."

"அவர் கார் பீரோ கனம். உங்க காரு பீரோ, கட்டில், கட்டில்ல படுத்திருக்கிற சுமோ பயில்வான் எல்லாம் சேர்ந்த கனம். அந்த மெத்து டயர் இந்த எடைக்குத் தாங்குமா? மறுபடியும் கொழகொழன்னு ஆயிடும்."

"அப்போ நான் என்ன, மாட்டு வண்டிச் சக்கரம் போட்டுக்கவா?"

"பக்கவாட்டு கெட்டியா, சூடு தாங்கறதா வாங்குங்க. ஒட்டறது கொஞ்சம் குறைஞ்சா குடியா முழுகிடும்? திங்கட்கிழமை மழையில அதே வண்டியிலதானே ஆபீஸ் போகணும்? அந்த மெத்து டயர்ல பள்ளக் கோடு கம்மி, தண்ணி வெளியே போகவே வழி கிடையாது."

அவள் விஷயம் தெரிந்துதான் சொன்னாள். அந்த ஊரில் பனிக்காலம் வந்தால் எல்லா வீட்டிலும் பனி டயருக்கு மாற வேண்டும், வசந்தம் வந்தால் திரும்ப மாற வேண்டும். குனிஹிகோவுக்கு இடுப்புப் பிடித்த நாளிலிருந்து ஜாக்கி வைத்துத் தூக்குவது யசுயோ. அவர் நட்டுகளைக் கையில் ஏந்திக்கொண்டு பக்கத்தில் நிற்பார். ஆனால் பொறாமைக்காரன் காதில் புத்திமதி ஏறுமா? குரோய்வாவுக்கு ஒட்டுகிற டயர், எனக்கு மட்டும் ஒட்டாத டயரா என்று விடிய விடியப் புரண்டார்.

மறுநாள் காலை யசுயோ அரிசி களைந்துகொண்டே, "நல்ல வேளை, நீங்க மெத்து டயருன்னு முடிவு பண்ணீங்க," என்றாள்.

"ஏன்?"

"ஒண்ணுமில்லை. குப்பை போடற இடத்துல டாக்டரைப் பார்த்தேன்."

"என்ன சொன்னான்?"

"சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாரு."

"யாருக்கு நீ பெண்டாட்டி?"

"சரி, கோவிச்சுக்காதீங்க. 'உங்க வீட்டுக்காரர் மட்டும் கெட்டிப் பக்கவாட்டு டயர் போட்டுட்டா என் பாடு திண்டாட்டம், தயவுசெஞ்சு அவர் காதுல போட்டுடாதீங்க'ன்னாரு. குப்பைப் பையோட தலை குனிஞ்சு கேட்டாரு, பாவம்."

"பாவமா!"

சோறு வேகுமுன் அவர் டயர் கடையில் இருந்தார்.

பந்தய நாளன்று டயர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. சுற்று மேல் சுற்று, சூடேறியும் குழையவில்லை. நேர்ப்பாதையில் குரோய்வா கையை ஆட்டி வழிவிட்டார். அது பந்தயப் பாதையில் எல்லாரும் காட்டும் மரியாதை. குனிஹிகோவின் கண்ணுக்கு அது சரணாகதி.

குடும்பத்தார் நேரம் வந்தது. குரோய்வா தன் சிறிய காரின் பக்கத்தில் நின்றார். யசுயோ அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிஹிகோவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இடது சீட்டைத் துடைத்து, கதவைத் திறந்து பிடித்தார். யசுயோ ஹெல்மெட்டும் கையுறையுமாக வந்தாள். திறந்த கதவைத் தாண்டி வலது பக்கம் போனாள்.

"ஏம்மா, அது ஓட்டற பக்கம்."

"தெரியும். நான்தான் ஓட்டறேன்னு காலையிலேயே பேர் குடுத்துட்டேன். நீங்க திறந்து வச்ச கதவுல நீங்களே ஏறுங்க."

"நீயா? இந்தக் காரையா?"

"அதுக்குத்தானே சூடு தாங்கற டயர் வாங்க வச்சேன். காலையிலேருந்து நீங்க ஓட்டினப்புறம் எனக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கணுமே."

குனிஹிகோ ஏறி உட்கார்ந்தார். பெல்ட் மாட்டக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்போ குப்பை கிட்ட குரோய்வா சொன்னது?"

"அவருக்கு டயரு வட்டமா இருக்கும்னு தெரியும். மத்தது கடைக்காரருக்குத்தான் தெரியும்."

கேட்க வேண்டாம் என்று நினைத்தார். வாய் கேட்டுவிட்டது. "போன வருஷம் அவன் கார்ல ஏறி அப்படிச் சிரிச்சியே?"

"சிரிக்காம என்ன பண்ணுவேன்? வளைவுக்கு வளைவு 'புத்தா, காப்பாத்து'ன்னு கத்தறாரு மனுஷன். ஓட்டறதே அவருதான்."

ஒரு வருஷ பாரம் குனிஹிகோவின் நெஞ்சிலிருந்து இறங்கிப் போனது. குரோய்வா நல்ல மனுஷன், நாளைக்கே போய்ப் பல்லைக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். யசுயோ மிதித்தாள்.

முதல் வளைவிலேயே காருக்குள் யாரோ புத்தரை உரக்கக் கூப்பிட்டார்கள், யசுயோ சிரித்த சிரிப்பில் போன வருஷச் சிரிப்பெல்லாம் ஒன்றுமேயில்லை என்றாகிவிட்டது.