பிரேக் பிடிக்காத சாட்சிக்காரர்

சாட்சிக்காரர்கள் என்று ஓர் இனம் உண்டு. ஞாயிறு ஆராதனையில், “ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்ல யாராவது உண்டா?” என்று போதகர் கேட்டு முடிப்பதற்குள் மைக்கைப் பிடித்திருப்பார்கள். ஏதாவது ஒன்றிலிருந்து தப்பித்துக்கொண்டே இருப்பவர்கள். தப்பிக்க ஆபத்து வேண்டுமே? அதையும் அவர்களே பாலூட்டி வளர்த்துக்கொள்வார்கள்.

கடலூர் முதுநகர் லூர்துசாமியைப் பாருங்கள். பைக்கின் முன்னால் ‘கர்த்தர் என் கேடகம்’, பின்னால் ‘பயப்படாதே’, பெட்ரோல் டேங்க் மேல் ஒரு சிலுவை. பிரேக் மட்டும் கிடையாது. கிளம்பும்போது கண்ணை மூடி ஐந்து நிமிட ஜெபம், நிறுத்தும்போது “இயேசப்பா!” என்று ஒரு கூப்பாடு, இரண்டு செருப்பும் தரையில் தேய நூறடி ஓட்டம். வண்டி நிற்கும். சில சமயம் வைக்கோல் போருக்குள் நிற்கும். ஞாயிறன்று அது சாட்சியாகிவிடும். செம்மங்குப்பத்தில் அவர் இடிக்காமல் தப்பிய டேங்கர் லாரிக்கு முதல் வாரம் ஆறு சக்கரம். நாலாவது வாரம் பதினெட்டு.

“மாமா, வியாழக்கெழம அண்ணாமலை நகர்ல எனக்கு பி.எட். பரிட்ச. ரெண்டு வருசமா படிச்சிருக்கேன். அதுக்குள்ள பிரேக்கப் பாத்துடுங்களேன்” என்றார் மனைவி பிரிசில்லா.

“பிரேக்க நம்பியா வண்டியில ஏறுற? விசுவாசம் இல்லியா ஒனக்கு?”

“ஆண்டவர் மேல இருக்கு மாமா. ஒங்க செருப்பு மேலதான் இல்ல.”

புதன் மதியம் அவர் தூங்கும்போது, பிரிசில்லாவே வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக் பழனிவேலிடம் போய்ச் சரிசெய்துவந்தார். மறுநாள் பரீட்சைக்குப் போகும் வழியில், புதுச்சத்திரத்தில் ஆடு ஒன்று குறுக்கே வந்தது. லூர்துசாமி கூப்பாடு போட்டார். காலை ஊன்றும் பதற்றத்தில் பிரேக்கையும் மிதித்துவிட்டார். வண்டி அங்கேயே நின்றது. ஆட்டைவிட அவர்தான் அதிகம் மிரண்டார். மணியடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே பிரிசில்லா தேர்வறையில் உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிறு வந்தது. மைக் வந்தது.

“மூணு மாசமா செத்துக் கெடந்த பிரேக்கு! மிதிச்ச ஒடனே உயிர்த்தெழுந்துச்சு!”

சபையே “அல்லேலூயா” என்றது. பிரிசில்லா எழுந்துபோய் மைக்கை வாங்கினார்.

“உயிர்த்தெழல. நாந்தான் தள்ளிட்டுப் போனேன், பழனிவேல் அண்ணன் புது பிரேக் ஷூ போட்டாரு. மாமா அப்ப தூங்கிட்டு இருந்தாரு.”

லூர்துசாமியின் முகம் வாடியது; மறுகணமே மலர்ந்தது. மைக்கைத் திரும்பப் பிடுங்கினார்.

“பாத்தீங்களா! நான் தூங்கும்போதுகூட எனக்காக வேல நடக்குது!”

அடுத்த வாரச் சாட்சிக்கு என்ன செய்வது? கவலை வேண்டாம். இப்போது அவர் வண்டியில் ஹெட்லைட் எரிவதில்லை.

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் வீட்டு கேஸ் ட்யூபைப் பற்றி, “ஒண்ணும் ஆவாது, சாமி இருக்கு” என்று சொல்லி எத்தனை வருடம் ஆகிறது? இன்னும் ஒன்றும் ஆகவில்லை அல்லவா? நீங்கள் தூங்கும்போது அதை மாற்றியது யார் என்று, வீட்டில் மெதுவாக விசாரித்துப் பாருங்கள்.