லாக் பின்னை ஒளித்தவள்

இருட்டி அரைமணி ஆகியிருக்கும். வாசல் ஷெட்டில் 'டங்' என்று இரும்பு உருண்டது. பிறகு யாரோ மூச்சை அடக்கும் சத்தம். ஐந்து மாதக் குழந்தையை அள்ளிக்கொண்டு கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒடுங்கினேன். கான்வென்ட்டில் கற்ற ஜெபங்கள் எல்லாம் வரிசை மாறி வாயில் வந்தன.

திருடன் தும்மினான். என் கணவரின் தும்மல்.

நடுவழியில் நின்றுபோன வண்டிகளை இழுத்து வருவது அவர் தொழில். இனி இருட்டினால் போவதில்லை என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வாக்கை நம்பினேன், ஆனாலும் நின்ற வண்டியை இழுக்கும் இரும்புத் தண்டான டோ பாரை எங்கள் வண்டியோடு பூட்டும் விரல் நீள லாக் பின்னை அன்று மாலையே குழந்தையின் துணி மடிப்பில் ஒளித்துவிட்டேன். அது இல்லாவிட்டால் டோ பார் வெறும் உலக்கை.

"என்ன தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல. காத்து வாங்குறேன்."

"டூல் பாக்ஸுக்குள்ளயா?"

"உள்ளதான் குளுகுளுன்னு இருக்கு."

"எங்கயும் போறதா இருந்தா சொல்லுங்க."

"யாரு போறா? நான் வாக்குக் குடுத்தவன்."

லாக் பின் எங்கே என்று கேட்டால், போவதை ஒப்புக்கொள்ள வேண்டும். முக்கால் மணி நேரம் தவித்தார். நான் உள்ளுக்குள் சிரித்தேன். இப்போது எழுதக் கை கூசுகிறது.

கடைசியில் படியில் உட்கார்ந்துவிட்டார். "மேம்பாலத்து ஏத்தத்துல ஒரு கார் நிக்குது."

"எவனோ நிக்கட்டும்."

"எவனோ இல்லடி. உங்கப்பா."

எனக்குத் துணையாக அப்பாவை வைத்துவிட்டு, மறுபடி ராத்திரி வேலைக்குக் கிளம்பலாம் என்று இவர்தான் ரகசியமாக வரச்சொல்லியிருக்கிறார். எழுபது வயது மனிதர். லாரிகள் உரசிப்போகும் ஏற்றத்தில், என் கெட்டிக்காரத்தனத்தால் நின்றுகொண்டிருந்தார்.

பின்னை எடுத்து நீட்டினேன். "குழந்தை துணியிலயா?" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

ஒரு மணி நேரம் கழித்து வந்தார்கள். முன்னால் இவர் வண்டி, டோ பாரின் மறுமுனையில் அப்பாவின் கார். இவர் வண்டிக்கு அடியில் புகை.

"மாமா, ஸ்டியரிங்கை மட்டும் பிடிங்க, பிரேக்கைத் தொடாதீங்கன்னு சொன்னேனே."

"அவ்வளவு கிட்டத்துல போறீங்களே மாப்பிள்ளை. பயத்துல வழிபூரா அமுக்கிட்டேதான் வந்தேன்."

பயம் எங்கள் பரம்பரைச் சொத்து. அதை இழுத்து இழுத்தே இவர் வண்டியின் கிளட்ச் தீய்ந்துவிட்டது. மூன்று வாரம் வண்டி எழாது. நான் கேட்டது கிடைத்துவிட்டது, இப்படியா கேட்டேன்?

அப்பா என்னைத் தேற்றினார். "இனிமே மாப்பிள்ளை ராத்திரியில எங்கயும் போகமாட்டாரும்மா."

"பகல்லயும்தான், மாமா" என்று சொல்லிவிட்டு, இவரே கதவை உள்ளே தாழிட்டார்.