புளிக்குழம்பில் ஒரு மெயின் ஜெட்

பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவனுக்கு உலகத்தில் இரண்டே வகைப் பொருள்கள்தான்: தன் வண்டிக்குப் பொருந்துபவை, பொருந்தாதவை. அவனால் ஒரு கல்யாண வீட்டுக்குள்கூடச் சும்மா போக முடியாது. மணமேடை விளக்கின் வளையத்தைப் பார்த்தாலே, ஹெட்லைட்டுக்கு ஆகுமா என்று கை தானாக அளக்கும். (“பொம்பளைங்கள இப்டி பாத்திருந்தா எப்பவோ வெளக்குமாறு எடுத்திருப்பேன்” என்பாள் என் மனைவி செல்வி.)

என்னுடையது இரட்டைச் சைலன்சர் வைத்த டூ ஸ்ட்ரோக். அதைச் செய்த கம்பெனி மூடி, அந்த இடத்தில் மரம் முளைத்துப் பூவும் பூத்திருக்கும். சில வருடங்களுக்கு முன் போளூரிலிருந்து மலையேறி, ஜமுனாமரத்தூரில் மாமியார் வீட்டை நெருங்கும்போது வண்டி இருமியது, விக்கியது, நீலப் புகையாக ஒரு பெருமூச்சு விட்டது, நின்றது. கார்புரேட்டரைக் கழற்றினால் மெயின் ஜெட் பிளந்திருந்தது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய பித்தளைத் துண்டு அது. நடுவில் ஊசித் துளை. அந்தத் துளை வழியாகத்தான் பெட்ரோல் இன்ஜினுக்குப் போக வேண்டும்.

வேலூர் பழைய இரும்புக் கடைகளில் தேடினேன், இல்லை. வேறு வண்டி ஜெட்டின் திருகு மரை சேரவில்லை. வாணியம்பாடி லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கினேன். துளை பெரிதாகிவிட்டதால் வண்டி பெட்ரோலைக் குடிக்கவில்லை, அதில் குளித்தது. கடைசியில், நெல்லிவாசல் பக்கம் ஒரு கொல்லையில் அதே வண்டி கிடப்பதாகத் தகவல் வந்தது. ஷேர் ஜீப்பில் தொங்கி, பிறகு நடந்து போனேன். சாமைக் கதிர் அசையும் வரப்போரம், மழையை நினைத்துக்கொண்டு நிற்கிற கிழட்டு மாடு மாதிரி அது சாய்ந்து நின்றது. சீட்டுப் பள்ளத்தில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

“ஜெட்ட எடுத்துக்கங்க. ஆனா கோயி எய்ந்திரிக்கிற வரிக்கும் வண்டிய ஆட்டக் கூடாது” என்றார் வண்டிக்காரர்.

கோழி இரை தின்ன இறங்கிய இடைவெளியில் கழற்றினேன். திரும்பும் வழியெல்லாம் கையை விரித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். (பக்கத்து இருக்கை ஆள், மூக்குத்தி வாங்கி வருகிறேன் என்று நினைத்தார்.)

மறுநாள் மாமியார் வீட்டில் விசேஷம். செல்வியின் தம்பி குமரேசனுக்குப் பார்த்த பெண்ணின் வீட்டார் ‘வூடு பாக்க’ வருகிறார்கள். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. பிடித்தால்தான் கை நனைப்பார்கள். இலையில் உட்கார்ந்தால் சம்மதம். பாதியில் எழுந்தால் அத்தோடு சரி. குமரேசனைப் பார்க்க முன்பு வந்தவர்கள் எல்லாம் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனவர்கள். பாவம், அவன் விடிந்ததிலிருந்து தலைவாரிக்கொண்டே இருந்தான்.

நான் ஜெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோப்புப் போட்டு எத்தனை தேய்த்தும், துளையை அடைத்திருந்த பழைய அழுக்கு போகவில்லை. கிணற்றடியில் அத்தை குத்துவிளக்குகளைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். சமையலறையில் ஒரு கிண்ணத்தில் புளி ஊறியது. பித்தளைக்குப் புளி! இதைவிடத் தெளிவான சிந்தனை என் வாழ்நாளில் உதித்ததில்லை. ஜெட்டைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு விருந்தினரை வரவேற்கப் போனேன்.

பெண்ணின் தாய்மாமன் முனுசாமி வைத்ததுதான் அங்கே சட்டம். ஓயாமல் பேசினார். கூரை ஓடுகளைப் புகழ்ந்தார், பசுவைப் புகழ்ந்தார், கடைசியில் எழுந்து, சாப்பிடக் கை கழுவினார். வீடே மூச்சுவிட்டது. நான் சமையலறைக்குப் போனேன். கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது.

“அத்தை, இதுல இருந்த புளி?”

“கொழம்புக்குக் கரைச்சிட்டேன் மாப்ளே. ஏன், உங்களுக்குப் புளிப்பு ஆவாதா?”

செல்வியை ஓரமாக இழுத்துச் சொன்னேன். அவள் கண்கள் கிண்ணமாயின.

“இன்னாது! கொழம்புலயா? எலையில உக்காந்தவங்கள சாப்புடாதீங்கன்னா சொல்ல முடியும்? என் தம்பி கல்யாணம் அதோட போச்சி! நீங்களே போய் ஊத்துங்க. கண்ணத் தொறந்து வெச்சிக்கினு ஊத்துங்க!”

ஊற்றினேன். கரண்டி அந்தச் சிவந்த இருளுக்குள் இறங்கி ஏறியது. எண்ணெயின் ஒவ்வொரு மினுக்கும் பித்தளையாகத் தெரிந்தது, ஒவ்வொரு சின்ன வெங்காயமும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தது.

“மூத்த மாப்ளயே ஊத்துறாரு பாரு! இன்னா பணிவு!” என்றார் பெண்ணின் அம்மா.

“இன்னா மாப்ள, கொழம்பத் தாலாட்டுறீங்க?” என்றார் முனுசாமி. “அடியில கலக்கி, கத்திரிக்காயோட ஊத்துங்க.”

ஊற்றினேன். பிசைந்தார், தின்றார். திடீரென்று தாடை நின்றது. கையால் வாயை மூடிக் குனிந்தார். ஒரு கணம்தான், மறுபடி சாப்பிட ஆரம்பித்துவிட்டார். ஆனால் பேச்சு அடியோடு நின்றுபோனது. இலையை மடித்தார், கட்டிலில் உட்கார்ந்தார். கேட்டதற்கெல்லாம் உதட்டைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். குமரேசன் முகம் கருத்தது.

விழுங்கிவிட்டாரா, துப்பிவிட்டாரா? கொல்லைப்புறம் ஓடி, எச்சில் இலைக் கூடையில் அவர் இலையைத் தேடிப் பிடித்துப் பிரித்தேன். முருங்கைச் சக்கை, கறிவேப்பிலை, மிளகாய்க் காம்பு.

“எங்க அண்ணன் மடிச்ச எலய எதுக்குங்க பிரிக்கிறீங்க?”

பெண்ணின் அம்மா. அவருக்குப் பின்னால் செல்வி, குமரேசன், அத்தை, கடைசியாக வாய் மூடிய முனுசாமி. மனம் நிறைந்து மடித்த இலையைப் பிரிப்பதென்றால், கொடுத்த சம்மதத்தைத் திருப்பித் தருவது மாதிரி. பட்டு வேட்டியும் கையில் முருங்கைச் சக்கையுமாக நின்றேன். பொய் ஒன்றும் கிடைக்கவில்லை.

“கொழம்புல என் வண்டியோட ஜெட்டு விழுந்துடுச்சிங்க.”

குமரேசன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். முனுசாமி முதன்முறையாக வாய் திறந்தார்.

“பித்தளையா?”

“ஆமாங்க மாமா.”

“நடுவுல ஓட்ட கீதா?”

“இருக்குங்க.”

சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே என் ஜெட், அத்தையின் குத்துவிளக்கைவிடப் பளபளவென்று. பிறகு வாய்க்குள் விரல் விட்டு, கடைசிவரை தடவிப் பார்த்து, மலையே கேட்கும்படிச் சிரித்தார். கடைவாயில் தங்கம் மின்னியது.

“அடப்பாவி மாப்ள! போன வாரந்தான் வேலூர்ல தங்கப் பல்லு கட்டினேன். அதாம் பேந்துகிச்சின்னு நெனச்சி, சம்பந்தி வூட்ல மானம் போய்டும்னு வாய மூடிக்கினு கீறேன்! ஏம்மா, பல்லு பத்திரமா கீதும்மா!”

“அப்போ சம்மதமாண்ணே?” என்றார் தங்கை.

“அதான் பல்லு கீதேம்மா! இன்னும் இன்னா?”

குமரேசன் எழுந்து, அவசரமாகத் தலை வாரினான். எனக்குள் அடைத்திருந்த துளையும் அப்போதுதான் திறந்தது. அன்று மாலை வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது.

குமரேசனின் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். முனுசாமி மாமா இன்றும் அந்த வீட்டில் இலைமுன் உட்கார்ந்தால், குழம்புக் கரண்டியைக் கையால் மறித்துவிட்டு என்னைப் பார்ப்பார்.

“மாப்ள, வெளிய போய் வண்டிய ஒரு தபா ஸ்டார்ட் பண்ணுங்க. சத்தம் கேட்டாத்தான் நான் கை வெப்பேன்.”

போய் உதைக்கிறேன். உதைத்துக்கொண்டே இருக்கிறேன். உள்ளே குழம்பு ஆறுகிறது.