நூல் மூட்டையும் விசாரணைக் கமிட்டியும்

மனித குலம் இதுவரை நடத்திய விசாரணைகளில் தலைசிறந்தது, 1996-இல் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் நடந்ததுதான். அதை நேரில் காணும் பாக்கியம் நூல் சுற்றும் வைண்டிங் பிரிவுத் தொழிலாளி அன்புக்கரசிக்குக் கிடைத்தது. விசாரிக்கப்பட்டவளே அவள்தான்.

ஆலையில் ஒரு மூட்டை நூல் காணாமல் போயிருந்தது. வாசல் கேமரா அதைப் 'பதிவு' செய்திருந்தது. கமிட்டி அறை வீடியோ டெக்கில் கேசட்டைப் போட்டதும் டி.வி.யில் அடைமழை பெய்தது. மழைக்குள் ஒரு கறுப்புத் திட்டு, தோளில் இன்னொரு திட்டோடு நகர்ந்தது.

"அன்புக்கரசியேதானுங்க! நடையே சொல்லுதே," என்றார் கமிட்டித் தலைவர் திருமலைசாமி.

"சேலைக்கரை கூடத் தெரியுதுங்க," என்றார் உறுப்பினர் பாலுசாமி. அவர் ஸ்டோர் மேனேஜர், முதலாளியின் மைத்துனர்.

அன்புக்கரசி டி.வி. அருகே போய் உற்றுப் பார்த்தாள். பதினோரு வருட வேலை. "அது ஆளா எருமையான்னே தெரியலீங்களே!"

"உனக்குத் தெரியாது அம்மணி. எங்களுக்கு அனுபவம் இருக்குது," என்றார் தலைவர்.

டிஸ்மிஸ் ஆர்டர் டைப் ஆகத் தொடங்கியது.

"ஏனுங்க, டெக்கோட ஹெட்டை ஒருக்காத் துடைச்சுப்போட்டுப் பாக்கலாமுங்களா? எங்க வீதியில வாடகை டெக் வந்தா அப்படித்தானுங்க பண்ணுவோம்," என்றாள் அன்புக்கரசி.

சட்டத்தில் இதற்குத் தடையில்லை என்று கமிட்டி 'வருத்தத்துடன்' ஒப்புக்கொண்டது. அவளே மூடியைக் கழற்றி, ஸ்பிரிட் நனைத்த துணியால், டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அப்பியிருந்த பஞ்சுத் தூசியை வழித்தெடுத்தாள்.

மழை விட்டது. சேலை வேட்டியாக வெளுத்தது. மீசை முளைத்தது. தோளில் மூட்டையோடு பாலுசாமி, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி நடந்துபோனார்.



பாலுசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "யாருன்னு பிடிபடலீங்களே."

"எனக்குந்தானுங்க," என்றார் திருமலைசாமி. "ரொம்பத் தெளிவா இருக்கறதால கண்ணு கூசுது."

அன்புக்கரசிக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. "திட்டாத் தெரிஞ்சப்ப நான்னு தெரிஞ்சுதுங்க. மூக்கும் முழியுமாத் தெரியறப்ப இவருன்னு தெரியலீங்களா?"

பதில் சொல்லக் கமிட்டிக்கு அதிகாரம் இல்லையாம். ஆனால் அவளைத் திருட்டுக் குற்றத்திலிருந்து விடுவிக்கும் பெருந்தன்மை இருந்தது. நீதி வென்றது.

மறுநாள் காலை ஷிப்டுக்குப் போனவளிடம் கேட்டிலேயே ஒரு மெமோ தந்தார்கள். பதினைந்து நாள் சஸ்பெண்ட். குற்றம்: 'விசாரணைக்கு இன்றியமையாததாக இருந்த தூசியை அகற்றியது.'